பழைய மாசி டிராக்டரில் கிளட்ச் உதறுகிறதா? வண்டியைப் பிரிக்கும் முன் இதைப் படியுங்கள்

எங்கள் வீட்டு வண்டி 1984 மாடல் மாசி பெர்குசன் 1035. சிம்சன் மூன்று சிலிண்டர் எஞ்சின், டபுள் கிளட்ச் (சக்கரத்துக்கு ஒரு பிளேட், ரொட்டவேட்டர் போன்றவற்றைச் சுற்றும் பின் ஷாஃப்டான பிடிஓவுக்கு ஒரு பிளேட்). போன தை அறுவடையில் நெல் மூட்டை ஏற்றிக்கொண்டு களத்தைவிட்டுக் கிளம்பும்போதுதான் முதலில் உதறியது. பெடலிலிருந்து காலை எடுக்க எடுக்க வண்டி நாலைந்து தடவை திமிறிவிட்டு அப்புறம்தான் நகர்ந்தது. மேலே இருந்த மூட்டை ஒன்று சரிந்து கீழே விழுந்தது.

"பிளேட் போச்சு, மாத்திடலாம்" என்றார்கள். மாற்றினோம். இருபதே நாளில் அதே உதறல். மறுபடி பிரித்தோம். இரண்டு தடவை கூலி, இரண்டு தடவை பிளேட், நடுவில் வாடகை வண்டிக்குக் காசு. பிளேட் கெட்டது உண்மைதான், ஆனால் அதைக் கெடுத்தது வேறொன்று. அதைக் கண்டுபிடிக்க அரை மணி நேரமும் ஒரு டார்ச் லைட்டும் போதும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

கீழே இருப்பது மாசி 1035-ஐ வைத்து எழுதியது. இதே வயதுள்ள மற்ற வண்டிகளுக்கும் பெரும்பாலும் பொருந்தும். அளவுகளுக்கு மட்டும் உங்கள் வண்டிக் கையேட்டைப் பாருங்கள்.

1. உதறுவது கிளட்ச்தானா?

முதலில் டிரைலரைக் கழற்றிவிடுங்கள். கொக்கியும் பின்னும் தேய்ந்திருந்தால் டிரைலர் பின்னாலிருந்து இடிப்பதே கிளட்ச் உதறல் மாதிரித் தெரியும்.

எஞ்சின் சூடானதும் சமதரையில் இரண்டாவது கியர் போட்டு, ஆக்சிலேட்டரைக் குறைவாக வைத்து, பெடலை மெதுவாக விடுங்கள். விடும்போது மட்டும் உதறி, காலை முழுதாக எடுத்ததும் சீராக ஓடினால் கிளட்ச்தான். காலை எடுத்த பிறகும் விட்டுவிட்டு இழுத்தால் டீசல் பக்கம் பாருங்கள். ஃபில்டர் அடைத்திருக்கும், அல்லது லைனில் ஏர் பிடித்திருக்கும். எஞ்சினை நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்ற மறுத்தால் பிரேக் ஒட்டியிருக்கிறது.

இன்னொன்று. பெடலை முழுதாக மிதித்தும் கியர் கரகரவென்று விழுகிறதென்றால் அது உதறல் இல்லை, கிளட்ச் விலகாத கோளாறு. இரண்டையும் ஒன்றாகச் சொல்லி மெக்கானிக்கைக் குழப்பாதீர்கள். நான் குழப்பினேன்.

2. பெடலில் தொடங்குங்கள்

எஞ்சினை நிறுத்திவிட்டு, பெடலைக் கையால் அழுத்தி மெதுவாக விடுங்கள். காலுக்குத் தெரியாதது கைக்குத் தெரியும். நடுவில் ஓரிடத்தில் சிக்கி, அப்புறம் பொசுக்கென்று மேலே வந்தால், கிளட்சும் அதே மாதிரித்தான் பொசுக்கென்று பிடிக்கும். பெடல் ஷாஃப்ட் புஷ் வறண்டிருக்கும். கிரீஸ் நிப்பிளில் சேறு காய்ந்து அடைத்திருந்தால், நீங்கள் கிரீஸ் அடித்தாலும் அது உள்ளே போகாமல் வெளியே வழியும். நிப்பிளை மாற்றிவிட்டு அடியுங்கள். கிளட்ச் ராடு பின்னையும் உருவிப் பாருங்கள், ஓட்டை முட்டை வடிவத்துக்குத் தேய்ந்திருந்தால் பின்னும் துவாரமும் சரிசெய்ய வேண்டும்.

பெடல் நுனியில் கொஞ்சம் ஃப்ரீ ப்ளே, அதாவது கிளட்சைத் தொடாமல் பெடல் சும்மா இறங்கும் தூரம், இருக்க வேண்டும். அது துளியும் இல்லையென்றால் பெடலை மிதித்தால் நகரும் ரிலீஸ் பேரிங், கிளட்சை விலக்கும் சிறு நெம்புகோல்களை (இவற்றைத்தான் விரல்கள் என்போம்) எப்போதும் தொட்டுக்கொண்டே ஓடும். பிளேட் பாதி பிடித்தும் பாதி வழுக்கியும் சூடேறும்.

இதெல்லாம் சேர்த்து 200, 300 ரூபாய் வேலை. சில வண்டிகளுக்கு இத்தோடு முடிந்துவிடும்.

3. பெல் ஹவுசிங் அடியில் படுத்துப் பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள்.

சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, எஞ்சினை நிறுத்தி, எஞ்சினும் கியர் பெட்டியும் சேரும் இடத்துக்கு அடியில் படுங்கள். கிளட்ச் இருக்கும் கூடான பெல் ஹவுசிங்கின் அடிவயிற்றில் சிறிய துவாரம் ஒன்று இருக்கும், அதில் ஒரு பிளவு பின் தொங்கும். உள்ளே கசியும் ஆயில் தேங்காமல் சொட்டிப் போவதற்காக அதை வைத்திருக்கிறார்கள். பின் ஆடிக்கொண்டே இருந்தால் துவாரம் அடைக்காது.

சேற்றுழவு ஓட்டும் ஊர்களில் இந்தத் துவாரத்தை அடைப்பது வழக்கம். கேஜ் வீல் என்னும் இரும்புக் கூண்டுச் சக்கரம் போட்டு முழங்கால் சேற்றில் இறங்கும்போது தண்ணீர் உள்ளே ஏறக் கூடாதே என்று துணியோ கட்டையோ செருகுவார்கள். செருகியதை எடுக்க மறந்துவிடுவார்கள். எங்கள் வண்டியிலும் அதுதான் நடந்தது. இரண்டாம் தடவை வந்த மெக்கானிக் அண்ணன் கீழே படுத்து, ஸ்க்ரூ டிரைவரால் நோண்டி, விரல் நீளத் துணிச்சுருள் ஒன்றை இழுத்தார். அப்பாவின் பழைய துண்டின் சிவப்புக் கரை அதில் இன்னும் தெரிந்தது. அதன் பின்னாலேயே அரை டம்ளர் கறுப்பு ஆயில் அவர் சட்டைக் கையில் கொட்டியது. முதல் தடவை போட்ட புதுப் பிளேட் சாரலாகத் தெறித்த அந்த ஆயிலைக் குடித்துக்கொண்டே இருந்திருக்கிறது.

சொட்டுவது எது என்று பாருங்கள்:

- கறுப்பாக, தண்ணியாக இருந்தால் எஞ்சின் ஆயில். கிராங்க் ஷாஃப்டின் பின் சீல் போயிருக்கிறது. எஞ்சின் டிப்ஸ்டிக் அளவும் குறைந்துகொண்டே வரும்.
- தடிப்பாக, நிறம் அவ்வளவு கறுக்காமல், வேறு வாடை அடித்தால் கியர் பெட்டி ஆயில். கியர் ஷாஃப்ட் சீலைப் பாருங்கள்.
- காய்ந்த தூசு மட்டும் உதிர்ந்தால் ஆயில் குற்றவாளி இல்லை. தேய்ந்த பிளேட், கிளட்ச் விரல்களின் உயரம், ஃபிளைவீல் (எஞ்சினோடு சுற்றும் கனத்த சக்கரம்) இவற்றில் ஒன்று.

பக்கவாட்டில் இருக்கும் கை நுழையும் மூடியைத் திறந்து டார்ச் அடித்தும் பாருங்கள். உள்சுவரெல்லாம் ஈரமாகப் பிசுபிசுத்தால் பிளேட்டும் நனைந்திருக்கும்.

இந்த இடத்தில் யாராவது ஒருவர் வந்து, அந்த ஓட்டை வழியாக பெட்ரோல் ஊற்றிக் கழுவினால் சரியாகிவிடும் என்பார். செய்யாதீர்கள். மூடிய கூட்டுக்குள் பெட்ரோல் ஆவியை வைத்துக்கொண்டு செல்ஃப் அடிப்பது தற்கொலை. மண்ணெண்ணெய் ஊற்றினால் ரெண்டு நாள் உதறாது, சீல் கசிவது நிற்காததால் மூன்றாம் நாள் பழைய கதை.

4. தேதி குறியுங்கள்

காவிரி டெல்டாவில் இருப்பவர்களுக்கு, மேட்டூர் அணையில் வழக்கமாகத் தண்ணீர் திறக்கும் ஜூன் 12 தான் கெடு. தண்ணீர் வரும் செய்தி வந்துவிட்டால் எந்த டிராக்டர் மெக்கானிக்கும் போனை எடுக்க மாட்டார், லேத் பட்டறையிலும் வரிசை. சித்திரையில் பிரித்துவிடுங்கள். பிரிக்க ஒரு நாள், லேத்துக்கு இரண்டு நாள், சேர்க்க ஒரு நாள். நாலு நாள் என்று சொன்னால் ஒரு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். லேத்காரர் சொல்லும் நாளைக்கு என்பதை நாளை மறுநாள் என்று மொழிபெயர்த்துக்கொள்வது நல்லது.

5. காகிதங்கள்

கிளட்ச் மாற்ற ஆர்டிஓ அனுமதி எதுவும் வேண்டாம். ஆனாலும் ஆர்சி புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு உதிரி பாகக் கடைக்குப் போங்கள். மாடல், வருஷம், சேசிஸ் எண் மூன்றையும் சொல்லி வாங்கினால் திரும்பிப் போகும் அலைச்சல் குறையும்.

வண்டியை ஊரில் இருக்கும் பட்டறைக்கு ரோட்டில் ஓட்டிப் போவதானால், பதிவும் இன்சூரன்ஸும் நடப்பில் உள்ளனவா என்று பாருங்கள். டிராக்டர் பதிவு 15 வருஷம் செல்லும். அதன்பின் 5 வருஷத்துக்கு ஒரு முறை படிவம் 25 கொடுத்துப் புதுப்பிக்க வேண்டும். பழைய வண்டி வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் இதை மறந்திருப்பார்கள். காலாவதி ஆகியிருந்தால் மெக்கானிக்கை வீட்டுக்கு வரவழையுங்கள். உதறும் கிளட்சோடு, இன்சூரன்ஸ் இல்லாத வண்டியைக் கடைத்தெருவில் நிறுத்தி எடுப்பது வேண்டாத வேலை.

"கிளட்சுக்கு எதுக்குங்க செலவு பண்றீங்க, பழைய எஞ்சின் ஒண்ணு முழுசா இருக்கு, தூக்கி வச்சிடலாம்" என்று ஒருவர் எங்களிடம் சொன்னார். எஞ்சின் மாற்றினால் எண் மாறும், அதை ஆர்சியில் ஏற்ற ஆர்டிஓ அலுவலகம் போயாக வேண்டும். அந்தப் பேச்சே வேண்டாம்.

6. என்ன வாங்க வேண்டும், எவ்வளவு ஆகும்

முடிந்தால் பிரித்த பிறகே வாங்குங்கள், பழைய சாமானைக் கையில் எடுத்துக்கொண்டு. கடை தூரமென்றால் சீல்களையும் பேரிங்குகளையும் மட்டும் முன்கூட்டி வாங்கி வைக்கலாம். எனக்கு இரண்டாம் தடவை ஆன செலவு:

- மெயின் பிளேட்: 3,200
- பிடிஓ பிளேட்: 2,100
- ரிலீஸ் பேரிங்: 650
- பைலட் பேரிங் (ஃபிளைவீலின் நடுவில் இருப்பது): 180
- சீல் இரண்டும்: 470
- விரல் பின், புஷ்: 300
- லேத் வேலை: 1,400
- மெக்கானிக்கும் உதவியாளும்: 5,500

மொத்தம் 13,800 ரூபாய். முதல் தடவை வீணான 8,200 இதில் சேரவில்லை. விலை ஊருக்கு ஊர், கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

பில் கேட்டு வாங்குங்கள். டிராக்டர் கிளட்ச் அசெம்பிளிக்கும் அதன் பாகங்களுக்கும் ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம்தான். பழைய விகிதத்தில் பில் போட்டால் கேளுங்கள். பிளேட்டை வாங்கும்போது பழையதன் மேல் வைத்து விட்டத்தையும், நடு ஓட்டையின் பல் எண்ணிக்கையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பெட்டியில் ஒரிஜினல் என்று அச்சடித்திருப்பதைப் பார்த்து வாங்கிவிடாதீர்கள். பிளேட்டின் உராய்வுப் பட்டையான ஃபேசிங்கை ஆணியடித்திருக்கும் ரிவெட் ஒவ்வொன்றும் ஒரே ஆழத்தில் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தாலே சரக்கின் தரம் தெரியும்.

7. பிரிக்கும் நாள்

சிமென்ட் தரை வேண்டும். களத்து மண்ணில் ஜாக்கி இறங்கிவிடும்.

டிராக்டருக்குத் தனிச் சேசிஸ் கிடையாது, எஞ்சினும் கியர் பெட்டியும்தான் உடம்பு. நடுவில் பிரித்தால் முன் பாதி முன் அச்சின் ஒற்றைப் பின்னில் நிற்கும், அதாவது பக்கவாட்டில் சாயும். அதனால் ஒரு போல்ட்டைத் தொடும் முன்பே, முன் அச்சுக்கும் மேலே உள்ள தாங்கிக்கும் நடுவில் இரண்டு பக்கமும் மர ஆப்பு அடித்து இறுக்குங்கள். இதை மறந்தால் எஞ்சின் ஆள் மேல் சாயும். பின்சக்கரத்துக்குக் கட்டை, கியர் பெட்டிக்கு அடியில் அசையாத முட்டு, எஞ்சினுக்கு அடியில் சக்கரம் வைத்த ஜாக்கி. ஜாக்கிக்கும் எஞ்சினுக்கும் நடுவில் பலகை.

பேட்டரி ஒயர், டீசல் பைப், ஆக்சிலேட்டர் ராடு, மீட்டர் கேபிள், ஸ்டீயரிங் ராடு எல்லாவற்றையும் கழற்றும் முன் போனில் படம் எடுங்கள். போல்ட்டுகளில் நீளம் வேறு வேறாக இருக்கும். அட்டையில் ஹவுசிங் வடிவத்தை வரைந்து, எடுத்த இடத்திலேயே ஒவ்வொன்றையும் குத்தி வைத்தோம். சேர்க்கும் நாளில் அதுதான் காப்பாற்றியது.

பிரித்ததும் உள்ளே இருக்கும் தூசைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய பிளேட்டுகளின் ஃபேசிங்கில் கல்நார் இருந்திருக்கலாம், அது நுரையீரலுக்கு எமன். ஈரத் துணியால் துடைத்துத் துணியைப் புதைத்துவிடுங்கள்.

8. உள்ளே என்ன பார்க்க வேண்டும்

பிளேட்டை ஃபிளைவீலோடு அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டைக் கழற்றும் முன் அதிலும் ஃபிளைவீலிலும் நேருக்கு நேர் ஒரு கோடு கீறுங்கள். திரும்ப அதே இடத்தில்தான் உட்கார வேண்டும்.

டபுள் கிளட்ச் கூட்டுக்குள் ஸ்பிரிங் அழுத்தத்தோடு இருக்கிறது. மூன்று நீள போல்ட் போட்டு அழுத்திப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தளர்த்த வேண்டும். பழக்கமில்லாதவர் கை வைக்கக் கூடாத ஒரே இடம் இதுதான்.

அப்புறம் வரிசையாகப் பாருங்கள். ஃபிளைவீல் முகத்தில் நீலத் திட்டு இருந்தால் சூடேறியிருக்கிறது. மயிரிழைக் கீறலைக் கடைந்து எடுத்துவிடலாம், நகம் மாட்டும் அளவு வெடித்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். பைலட் பேரிங்கை விரலால் சுற்றுங்கள், சொரசொரத்தால் மாற்றுங்கள். ஷாஃப்டின் பல்லில் பிளேட்டைப் போட்டு முன்னும் பின்னும் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். பல்லில் படி விழுந்திருந்தால் பிளேட் அந்தப் படியில் சிக்கிச் சிக்கித்தான் நகரும், உதறலுக்கு அதுவும் ஒரு காரணம். ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும் ஃபோர்க்கின் இரண்டு நுனியும் சமமாகத் தேய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

பின் சீலை மாற்ற ஃபிளைவீலைக் கழற்ற வேண்டும். அதற்கு மெக்கானிக் சோம்பல்படுவார். "கொஞ்சம்தான் கசியுது, பரவாயில்லை" என்பார். அந்தக் கொஞ்சத்துக்குத்தான் நான் 8,200 கொடுத்தேன். பழைய எஞ்சின்களில் கயிறு மாதிரியான சீல் வரும். அதை ஆயிலில் ஊறவைத்து, வரிப்பள்ளத்தில் உருட்டி உட்காரவைக்க வேண்டும். அவசரப்பட்டால் மறுபடி கசியும். அந்த ஒரு மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்து டீ வாங்கிக் கொடுங்கள்.

9. லேத்தில் ஏமாறும் இடம்

ஃபிளைவீல் முகத்தைக் கடையச் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். பிளேட் உட்காரும் முகம் ஒரு தளத்திலும், பிரஷர் பிளேட் கூடு போல்ட் ஆகும் விளிம்பு வேறொரு தளத்திலும் இருக்கும். முகத்தில் எவ்வளவு எடுக்கிறார்களோ அதே அளவு விளிம்பிலும் எடுக்க வேண்டும். முகத்தை மட்டும் கடைந்தால் பிளேட் பள்ளத்துக்குள் போய்விடும், அழுத்தம் குறைந்து வழுக்கும். கடையும் முன்னும் பின்னும் அந்தப் படியின் ஆழத்தை அளந்து காட்டச் சொல்லுங்கள்.

10. பூட்டுவது

ஃபிளைவீல் முகத்தைத் துடைத்த பிறகு யாரும் கிரீஸ் கையோடு பிளேட்டைத் தொடக் கூடாது. பிளேட்டின் எந்தப் பக்கம் ஃபிளைவீலைப் பார்க்க வேண்டும் என்று அதிலேயே அச்சிட்டிருக்கும். இல்லையென்றால் கழற்றும்போது எடுத்த படத்தைப் பாருங்கள். பல்லுக்கு கிரீஸ் மெல்லிய பூச்சு மட்டும், அதிகமாகப் பூசினால் அதுவே தெறித்து ஃபேசிங்கில் விழும்.

பிளேட்டை நடுவில் நிறுத்த டம்மி ஷாஃப்ட் வேண்டும். எங்கள் மெக்கானிக் அண்ணன் பழைய கியர் ஷாஃப்டின் முனையை அறுத்து வைத்திருந்தார். கண் மதிப்பில் நிறுத்துகிறேன் என்பவரிடம் வேலை கொடுக்காதீர்கள். போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும்.

கடைசியாக விரல்கள். மூன்று விரல்களின் நுனியும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். ஒன்று மேலே, ஒன்று கீழே இருந்தால் பிரஷர் பிளேட் கோணலாக இறங்கும், புதுப் பிளேட்டும் முதல் நாளே உதறும். கையேட்டில் உள்ள அளவுக்கு கேஜ் வைத்துச் சரிசெய்யச் சொல்லுங்கள். எங்களுக்கு முதல் தடவை இதையும் பார்க்கவில்லை.

11. இரண்டு பாதியைச் சேர்ப்பது

முன் பாதியைத் தள்ளிக்கொண்டு வரும்போது ஷாஃப்ட் பல் பிளேட்டுக்குள் நுழைய வேண்டும். டபுள் கிளட்ச் என்பதால் பிடிஓ ஷாஃப்டின் பல்லும் சேர வேண்டும். அரை அங்குல இடைவெளியில் நின்றுவிடும். அப்போது எல்லாருக்கும் ஒரே யோசனை வரும்: போல்ட்டைப் போட்டு இழுத்துவிடலாம். கூடவே கூடாது. பிளேட்டின் நடுக்குடம் வளையும், ஹவுசிங் காது உடையும். ஃபிளைவீல் பல்லில் நெம்பி மெதுவாகத் திருப்புங்கள், பின்னால் பிடிஓ ஷாஃப்டையும் கையால் திருப்புங்கள். பல் சேர்ந்ததும் டொக்கென்று ஒரு சத்தம், இடைவெளி தானாக மூடும். எங்களுக்கு நாற்பது நிமிஷம் ஆனது. இடுக்கில் யாரும் விரல் வைக்க வேண்டாம்.

12. ஓட்டிப் பழக்குவது

பெடல் ஃப்ரீ ப்ளே சரிசெய்து, பெடல் பாதியில் வண்டியும் முழுதில் பிடிஓவும் நிற்கிறதா என்று பாருங்கள். முதல் பத்து மணி நேரம் ரொட்டவேட்டர் வேண்டாம், காலி டிரைலர் மட்டும். ஃபேசிங் படியப் படிய ஃப்ரீ ப்ளே குறையும், பத்து மணி நேரம் ஓடியதும் மறுபடி அளந்து சரிசெய்யுங்கள். பெடல் மேல் கால் வைத்துக்கொண்டே ஓட்டும் டிரைவர் இருந்தால் அவரிடம் நேராகச் சொல்லிவிடுங்கள்.

வாரத்துக்கு ஒரு முறை அடித்துவாரப் பின்னை ஆட்டிப் பாருங்கள். சேற்றுழவுக்கு இறங்கும்போது நாங்கள் இப்போது துணி செருகுவதில்லை. மர ஆப்பு ஒன்று செதுக்கி, அதில் சிவப்பு நைலான் கயிறு கட்டி, மறுமுனையை டிரைவர் கண்ணில் படும்படி சீட்டுக்குப் பக்கத்தில் கட்டிவிடுகிறோம். வயலைவிட்டு ஏறியதும் அந்தச் சிவப்புக் கயிறு கண்ணில் படுவதால், ஆப்பை எடுக்க யாரும் மறப்பதில்லை.